ஆள் நின்றால் படகு நிற்கும்

போன வியாழக்கிழமை நாத்தனார் கொண்டுவந்த செய்தி, இந்த வியாழக்கிழமை காலைவரை அண்ணியின் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

செய்தி இதுதான். அக்கரையிலிருந்து வரும் கடைசிப் படகில் அண்ணன் இருக்கிறார். வியாழக்கிழமைதோறும் இருக்கிறார். படகு இவர்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்னத் துறையில் வந்து நிற்கும். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டையே பார்ப்பார். இறங்க மாட்டார். படகு பெரிய துறைக்குப் போய், அங்கிருந்து நேராக அக்கரைக்குத் திரும்பும். அவரும் அதிலேயே திரும்பிவிடுவார்.

"அவரா? வாரா வாரம் ஒரு சுத்து சுத்திட்டுப் போவாரே" என்று படகுக்காரர்களே சொன்னார்களாம்.

அண்ணனும் அண்ணியும் எதற்காகப் பிரிந்தார்கள் என்று கேட்பீர்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அவருக்கு அக்கரைப் பம்ப் ஹவுஸில் பொறுப்பான வேலை கிடைத்தது. தங்குவதற்கு வீடும் கொடுத்தார்கள். இவளை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். "அங்க வந்துடு. காலைப் படகுல ஆபீஸ் போய்க்கலாம்" என்றார். "நீங்க இங்கயே இருங்க. காலைப் படகுல பம்ப் ஹவுஸ் போய்க்கலாம்" என்றாள் இவள். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். படகும் ஒன்றுதான். ஆனால் யார் யாரிடம் வருவது என்பதில் முறுக்கிக்கொண்டு இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அண்ணனின் தங்கை, அதாவது கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார், அண்ணன் பக்கமும் போகாமல் அண்ணியோடு தங்கிவிட்டாள். வீடு அவள் அப்பா வீடு என்பதால் அண்ணியும் போகச் சொல்லவில்லை.

இன்று காலை அண்ணி ஆபீசுக்குக் கிளம்பும்போது நாத்தனார் வாசலில் நின்றுகொண்டு பேச்சைத் தொடங்கினாள்.

"இன்னிக்கு வியாழக்கிழமை."

"காலண்டர் எனக்கும் இருக்கு."

"சாயங்காலம் துறைப்பக்கம் வர்றீங்களா?"

"எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணி நடந்தாள். அவள் வேலை என்ன என்பதுதான் இன்றைய வம்புக்கெல்லாம் காரணம்.

அண்ணி வேலை பார்ப்பது எளிய விளக்கப் பிரிவில். அரசாங்கம் ஒரு விதிமுறை அறிவிப்பு போட்டால், அதை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பது அவள் பொறுப்பு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது அரசாங்கத்தின் பழக்கம். நேராகத் தொட்டுக் காட்ட அண்ணி. குடிநீர் வரி, நாய் லைசென்ஸ், தராசுக்கு முத்திரை, மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி என்று எதுவானாலும் நாலைந்து வரியில் எழுதி, கடைசியில் "அவ்வளவுதான்" என்று முடிப்பாள். ஆபீசில் அவளுக்கு எளியம்மா என்றே பெயர்.

முன்பெல்லாம் அவள் எழுதியதை முதலில் கேட்பவர் அவர்தான். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "அதாவது..." என்று ஆரம்பித்துத் தன் பாஷையில் திருப்பிச் சொல்வார். சரியாகச் சொன்னால் விளக்கம் தேறிவிட்டது என்று அர்த்தம். அவர் போன பிறகு அந்த வேலையை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். அவளும் நன்றாகத்தான் சொல்கிறாள். ஆனால் அந்த "அதாவது" இல்லை. ஒரு மனுஷனிடம் போயும் போயும் இந்த ஒரு வார்த்தைக்கா ஏங்குவார்கள் என்று அண்ணிக்கே வெட்கமாக இருக்கும். ஏங்கத்தான் செய்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் அவள் மேஜைக்கு வந்தது படகுத் துறை அறிவிப்பு. அது இப்படிப் போகிறது:

"இரண்டாம் நிலைத் துறைகளாக வகைப்படுத்தப்பட்டவற்றில், பயணி எவரேனும் ஏறுதல் அல்லது இறங்குதல் பொருட்டு உரிய முறையில் அறிவித்திருந்தாலன்றி, கலம் எதுவும் நிறுத்தப்படலாகாது என்றும், ஏறுதல் பொருட்டுச் சைகை விளக்கை இயக்கியவர் அக்கலத்தில் ஏறுதல் கட்டாயம் என்றும் இதனால் அறிவிக்கப்படுகிறது."

இன்று முதல் அமல். இரண்டாம் நிலைத் துறை என்றால் ஆள் அதிகம் இல்லாத துறை. இவர்கள் தெருக்கோடித் துறையும் அதில் ஒன்று.

அண்ணி அதை வாரம் பூராவும் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. இனிமேல் படகு சும்மா வந்து நிற்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் படிக்கட்டைப் பார்க்க முடியாது. தூரத்தில் ஒரு வெளிச்சமாகப் போய்விடும்.

கடைசியில் எழுதிக் கொடுத்தது இது:

"இன்று முதல் சின்னத் துறைகளில் படகு தானாக நிற்காது. துறையில் காத்திருப்பவர் அங்குள்ள விளக்கைப் போட்டால் நிற்கும். விளக்கைப் போட்டவர் கட்டாயம் படகில் ஏற வேண்டும். யாரும் காத்திருக்கவில்லை என்றால் படகு நேராகப் போய்விடும். அவ்வளவுதான்."

மத்தியானம் சோதனை.

இந்தப் பிரிவில் எதையும் சோதிக்காமல் ஒட்ட மாட்டார்கள். வெளியே இருக்கும் சாதாரண ஜனங்களில், கேட்கிறேன் என்று பெயர் கொடுத்தவர்களுக்கு போன் போட்டு, எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள். அவர்கள் புரிந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுவரை டெலிபோன்காரர் தன் அறையில் தனியாக இதைச் செய்துவிட்டு, தேறியது தேறவில்லை என்று மட்டும் எழுதி அனுப்புவார். புதிதாக வந்த மேலாளரம்மா அதை மாற்றிவிட்டார். எழுதினவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். ஆனால் மூச்சு விடக்கூடாது. எழுதுகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது, "இல்லைங்க, அதுக்கு அர்த்தம் அது இல்லைங்க" என்று குறுக்கே விழுந்துவிடுவார்கள் என்பதால், உட்காரும்போதே ஆளுக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்து வாயில் போட்டுக்கொள்ளச் சொல்வார்.

அண்ணி பெப்பர்மின்டை வாயில் போட்டுக்கொண்டாள். டெலிபோன்காரர் எண்ணைச் சுழற்றினார்.

"வணக்கம் சார். எளிய விளக்கப் பிரிவுலேருந்து பேசறோம். ஒரு நோட்டீஸ் வாசிக்கலாமா?"

மறுமுனையில் பெரிய மோட்டார் ஓடும் சத்தம். பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். மோட்டார் அடங்கியது.

"வாசிங்க. கேக்கறேன்."

அண்ணிக்குப் பெப்பர்மின்ட் நாக்கில் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அந்தக் குரலை அவள் கேட்கவில்லை. கொஞ்சம் கரகரத்திருந்தது. ஜலதோஷமாக இருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது.

டெலிபோன்காரர் வாசித்தார். வாசித்து முடித்ததும் மறுமுனையில் சத்தமே இல்லை.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன். இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தார்.

"இப்ப உங்களுக்குப் புரிஞ்சதை உங்க வார்த்தையில சொல்லுங்க சார்."

"அதாவது..." என்று ஆரம்பித்தார் அவர். அண்ணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அதாவது, துறையில யாராவது நமக்காகக் காத்துக்கிட்டிருந்தாதான் படகு நிக்கும். இல்லேன்னா நிக்காது. நேரா போயிடும்."

"நமக்காகன்னு இல்லீங்க. அவங்க ஏறுறதுக்காக."

"ஆமா ஆமா. ஏறுறதுக்காக. மன்னிச்சுக்கங்க."

"நீங்க படகுல இருக்கீங்க. அந்தத் துறையில இறங்கணும்னா என்ன செய்வீங்க?"

"அதுக்கு இதுல வழி சொல்லலையே. கரையில யாராவது விளக்கு போட்டாதான் உண்டு."

மேலாளரம்மா திரும்பி அண்ணியைப் பார்த்தார். பெப்பர்மின்ட் அண்ணியின் பல்லில் பட்டு உடைந்தது. அறிவிப்பில் "ஏறுதல் அல்லது இறங்குதல்" என்று பட்டவர்த்தனமாக இருந்தது. இறங்குகிறவர் படகுக்காரரிடம் சொன்னால் போதும், படகு நிற்கும். அவள் எழுதியதில் இறங்குகிறவரே இல்லை. வாரம் பூராவும் படித்தும் அந்த ஒரு சொல் அவள் கண்ணில் படவே இல்லை. எப்படிப் படும்? இரண்டு வருஷமாக அந்தத் துறையில் அவளுக்காக யாரும் இறங்கியதில்லையே.

"நன்றி சார். வச்சிடட்டுமா?"

"ஒரு நிமிஷம். எழுதினவங்ககிட்ட ஒண்ணு சொல்ல முடியுமா?"

"எழுதினவங்களைப் பத்திப் பேசக்கூடாது சார். ரூல்."

"சரி, வேண்டாம். வச்சிடுங்க."

மேலாளரம்மா தாளை அண்ணி பக்கம் தள்ளினார். "தேறல. இறங்குறவங்களைத் தண்ணியிலயே விட்டுட்டீங்களே, எளியம்மா. உங்ககிட்ட இதை நான் எதிர்பார்க்கல. நாளைக்குக் காலையில திருத்திக் கொடுத்துடுங்க."

"அவருக்கு... கேட்டவருக்கு, சரியானதைச் சொல்லிடலாமா மேடம்? இன்னிக்கே அமலாச்சே."

"கூடாது. கேட்டவங்களுக்கு விடையைச் சொல்லிக் கொடுத்தா அடுத்த தடவை யோசிச்சுச் சொல்லமாட்டாங்க, நமக்குப் பிடிச்ச மாதிரி சொல்லுவாங்க. அது தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அந்த விதிக்கும் விளக்கம் எழுதியவள் அவள்தான்.

மேலாளரம்மா போன பிறகு டெலிபோன்காரர் அனுதாபமாகப் பேச்சுக் கொடுத்தார். "வருத்தப்படாதீங்கம்மா. இவர் ரொம்ப நல்ல மனுஷன். போன வருஷம் தானாவே வந்து பேர் கொடுத்தார். எந்த நோட்டீஸா இருந்தாலும் எனக்குப் போடுங்கன்னு. நாய் லைசென்ஸ் நோட்டீஸைக்கூட உக்காந்து கேட்டார். அவர்கிட்ட நாயே கிடையாது. அதுவும் 'அவ்வளவுதான்'னு முடியற நோட்டீஸா இருந்தா, கட்டாயம் ரெண்டு தடவை வாசிக்கச் சொல்வார். ஏன்னு கேட்டா, புரியலைன்னு சொல்வார். ஆனா முதல் தடவையே புரிஞ்சிருக்கும், எனக்குத் தெரியாதா?"

அண்ணி முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். குழாயைத் திறந்து விட்டுவிட்டு நன்றாக அழுதாள். நாய் லைசென்சை எழுதும்போது அதை அவர் கேட்பார் என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலு வரி கூட்டி எழுதியிருப்பாள்.

சாயங்காலம் வீட்டில் நாத்தனார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணியை உற்றுப் பார்த்தாள்.

"இப்ப நான் திருப்பிச் சொல்றேன். சரியான்னு பாருங்க. அண்ணன் இன்னிக்குக் கடைசிப் படகுல வருவார். நீங்க எழுதினதை நம்பி, கரையில விளக்கு எரியுதான்னு பார்ப்பார். எரியலேன்னா, தன்னை யாருக்கும் வேண்டாம்னு நினைச்சுக்கிட்டு நேரா போயிடுவார். அப்புறம் எந்த வியாழக்கிழமையும் வரமாட்டார்."

"அவர் இறங்கணும்னு நினைச்சா படகுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம். சட்டத்துல இருக்கு."

"சட்டத்துல இருக்கு அண்ணி. நீங்க எழுதலையே!"

வேறு யார் எழுதியிருந்தாலும் அந்த மனுஷன் சந்தேகப்பட்டு இன்னொருவரைக் கேட்டிருப்பார். இவள் எழுதியது என்பதால் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார்.

"நீ ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடேன்" என்றாள் மெதுவாக.

"போட மாட்டேன்."

"ஏன்?"

"போட்டா நீங்க நிம்மதியா இங்கயே உக்காந்துடுவீங்க. அவர் இறங்குவாரா மாட்டாரான்னு ஜன்னல் வழியா பார்ப்பீங்க. அவர் நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு பார்ப்பார். நடுவுல நான் கிழவியாயிடுவேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "நான் விளக்கைப் போட்டா ஏறியே ஆகணும். தெரியும்ல? சும்மா நின்னு பார்த்துட்டு வர முடியாது. அப்ப நான்தான் அவர்கிட்டப் போன மாதிரி ஆகும்."

"ஆகட்டுமே."

"நான் போய் நின்னு, அவர் இன்னிக்குன்னு பார்த்து வராம இருந்தா?"

"பெரிய துறை வரைக்கும் போய்க் காத்து வாங்கிட்டு பஸ் ஏறி வாங்க. ரெண்டு வருஷமா ஜன்னல் காத்துதானே வாங்கறீங்க." நாத்தனார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் துறைக்குப் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க. வரலேன்னா நானே விளக்கைப் போட்டு ஏறிப் போய், எங்க அண்ணி வீட்டுல சௌக்கியமா உக்காந்திருக்காங்கன்னு சொல்லிட்டு வர்றேன்."

அவள் தெருவில் பாதி தூரம் போயிருப்பாள். பின்னால் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

துறையில் ஒருவரும் இல்லை. இருட்ட ஆரம்பித்திருந்தது. புதிதாக நட்ட கம்பத்தில் ஒரு சிவப்பு விளக்கு, அதற்குக் கீழே ஒரு சுவிட்ச், அதற்கும் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் அரசாங்கத்தின் அறிவிப்பு. எளிய விளக்கம் ஒட்ட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

நாத்தனார் மேல்படியிலேயே நின்றுகொண்டாள். அண்ணி கீழே இறங்கிக் கம்பத்தருகே போய் நின்றாள். வீட்டுச் செருப்போடு வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. தலையைக்கூடச் சீவவில்லை. அவர் இருந்த நாட்களில் இப்படி வீட்டுக்கோலத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இன்றைக்கு மட்டும் ஏன் கூச்சமாக இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

தண்ணீரில் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆனால் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இத்தனை நாளும் எங்கே கரைப்பக்கம் வளையுமோ, அந்த இடத்தைத் தாண்டி நேராகப் போனது.

அண்ணியின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதுமே, படகு தானாகத் திரும்புமே என்று ஒரு பாழாய்ப்போன வீம்பு அப்போதும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி! போயிடும்!" நாத்தனார் மேலிருந்து கத்தினாள்.

மோட்டார் சத்தம் தேய ஆரம்பித்தது. இரண்டு வருஷமாகக் கேட்டுக்கேட்டுப் பழகிய சத்தம்தான். வியாழக்கிழமை சாயங்காலம் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் கேட்கும். அதில் அவர் இருந்தார் என்று தெரியாமலேயே அத்தனை நாளும் கேட்டிருக்கிறாள். இனிமேல் தெரிந்தபிறகும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார அவளால் முடியாது.

சுவிட்சை அழுத்தினாள்.

சிவப்பு வெளிச்சம் படிக்கட்டெல்லாம் விழுந்தது. தண்ணீரில் மோட்டார் ஒரு தரம் உறுமிவிட்டு மாறியது. படகு மெல்லத் திரும்பி அவளை நோக்கி வந்தது.

அவர் கம்பியருகே நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். கையில் ஒரு பை இருந்தது. படகுக்கும் படிக்கும் நடுவே பலகையைப் போட்டதும் இரண்டு பேரும் அதன் இரண்டு முனையிலும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"விளக்கு போட்டது நீங்கதானேம்மா?" என்றார் படகின் சீட்டுக்காரர். "ஏறுங்க. போட்டா ஏறணும். ரூல் தெரியும்ல?"

"தெரியும்" என்றாள் அண்ணி. பலகையில் காலை வைத்தாள். பலகை ஆடியது. அவர் பையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டாள். ஏறிய பிறகும் விடவில்லை. அவரும் விடவில்லை.

பலகையை இழுத்துவிட்டார்கள். படகு நகர்ந்தது.

"ஜலதோஷமா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னிக்கு மத்தியானம் நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வாயில மிட்டாய்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"தப்பா எழுதிட்டேன்" என்றாள் அண்ணி. "இறங்கணும்னு நீங்க சொன்னாலும் படகு நிக்கும். அதை எழுத விட்டுப்போச்சு."

"தெரியும். படகுல ஏறினதும் சீட்டுக்காரர் சொன்னார்."

"தெரிஞ்சுமா சொல்லாம வந்தீங்க?"

"சொல்லலாம்னுதான் பையோட கிளம்பினேன். துறை பக்கத்துல வந்தப்ப வாய் வரல." பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ நிக்கறியான்னு பார்த்துட்டேயிருந்தேன். சிவப்பா எரிஞ்சதும் என்னால நம்ப முடியல."

அப்போது கரையிலிருந்து நாத்தனாரின் குரல் தண்ணீரைக் கடந்து வந்தது. "அண்ணி! வீட்டுச் சாவி! சாவி உங்ககிட்ட!"

அண்ணி தன் இடது கையைப் பார்த்தாள். சாவி இருந்தது. பதில் சொல்வதற்குள் படகு வளைந்துவிட்டது. சிவப்பு விளக்கும் அதன் கீழே கைகளை ஆட்டிக்கொண்டிருந்த நாத்தனாரும் சின்னதாகிப் போனார்கள்.

சீட்டுக்காரர் வந்து நின்றார். "புது ரூல்படி ஒவ்வொருத்தரையும் கேக்கணும். எங்க இறங்கறீங்க? சார், உங்களையும் அப்பவே கேட்டேன். அப்புறம் சொல்றேன்னீங்க. இப்பவாவது சொல்லுங்க."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள்.

"பெரிய துறை. அங்கேருந்து வீட்டுக்கு பஸ் இருக்கு" என்றார் அவர்.

"அக்கரை" என்றாள் அண்ணி.

சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சீட்டுக் கட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பெரிய துறை வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஒண்ணு சொல்லுங்க" என்றார்.